மிதிவண்டிக்கும் மோட்டாருக்கும் ஒரே விதியா?

சாலை எல்லாருக்கும் பொது. ஆகையால் சாலை விதியும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் வாதம் கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றுகிறது. மதுரையின் பெரிய சந்திப்புகளில், காளவாசலிலோ கோரிப்பாளையத்திலோ, சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டுக் கார்களும் ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து நிற்கையில், அவற்றின் இடுக்கில் புகுந்து வந்த சைக்கிள்காரர் ஒருவர் விளக்கைப் பொருட்படுத்தாமல் குறுக்கே கடந்து செல்வாரானால், நிற்பவர்கள் மனத்தில் எழும் முதற்கேள்வி, எங்களுக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா என்பதுதான். இக்கேள்வியை வெறும் எரிச்சலென்று தள்ளிவிடுவது உசிதமன்று. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற தத்துவத்தை அரசியல் சாசனத்தின் 14ஆம் ஷரத்தில் பொறித்து வைத்துள்ள தேசத்தில், தெருவிலும் அந்தச் சமத்துவத்தை எதிர்பார்ப்பது பிரஜையின் இயல்பான உரிமை. ஆயினும், சமத்துவம் என்பது யாவரையும் ஒரே கோலால் அளப்பதா, அன்றி அவரவரால் பிறர்க்கு விளையக்கூடிய தீங்கின் அளவுக்கு ஏற்பக் கடமையை வகுப்பதா என்பது தீர ஆராயத்தக்கது. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் இன்று நிலவும் நிலைமையைக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காண வேண்டியது, நம் சட்டம் சைக்கிள்காரரிடம் என்ன சொல்கிறது என்பது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டமும், அதன்பின் வந்த 1939ஆம் ஆண்டின் சட்டமும், அதனை நீக்கி 1989 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த 1988ஆம் ஆண்டின் சட்டமும் தம் பெயருக்கேற்ப மோட்டார் வாகனத்தையே பொருளாகக் கொண்டவை. இன்று வழங்கும் சட்டம், யந்திர சக்தியால் இயங்கிச் சாலையில் ஓடுவதற்குத் தகுதியாக்கப்பட்டதையே மோட்டார் வாகனம் என்று வரையறுக்கிறது; காலால் மிதித்துச் செல்லும் வண்டி அவ்வரையறைக்கு முற்றிலும் புறம்பானது. ஆகையால் அதற்குப் பதிவு இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை, காப்பீடு இல்லை, தலைக்கவசக் கட்டாயமும் இல்லை. இவ்வளவும் யாவரும் அறிந்ததே. பலர் கவனியாதது மற்றொன்று உண்டு. கட்டாயச் சாலைக் குறிகளுக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்னும் அச்சட்டத்தின் 119ஆம் பிரிவுகூட மோட்டார் வாகன ஓட்டியை நோக்கியே பேசுகிறது. 118ஆம் பிரிவின் அதிகாரத்தால் மத்திய அரசு 2017இல் வெளியிட்ட ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கானவையே. சிவப்பு விளக்கைக் கடந்த சைக்கிள்காரர் இச்சட்டத்தின் சொற்களின்படி குற்றவாளி ஆகமாட்டார். அவர் பிடிபடுவதானால் வேறு சட்டங்களைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். பொதுவழியில் மனித உயிருக்கு அபாயம் விளையும்படி கண்மூடித்தனமாக எந்த வண்டியை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை என்று விதித்த பழைய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதையின் 281ஆம் பிரிவாக நிற்பது, சைக்கிளையும் கட்டுப்படுத்தும். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1987இல் மதுரைக்கும் கோவைக்கும் விரிவாக்கப்பட்டதால், போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் காவல்துறைக்கு அவ்வழியாகவும் உண்டு. ஆனால் பெருந்தீங்குக்கான தண்டனையும் காவலரின் கையசைவும் தவிர, இன்ன இடத்தில் இன்னவாறு செல்க என்று சைக்கிள்காரரைப் பெயர் சொல்லி அழைத்துக் கூறும் விரிவான விதித்தொகுதி எதையும் மத்தியச் சட்டம் அவர் கையில் கொடுக்கவில்லை.

இந்த மௌனம் என்றும் இருந்ததன்று. மதுரையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் முதியோரைக் கேட்டால், நகராட்சிக்குக் கட்டணம் செலுத்தி வாங்கிய உலோக வில்லையை வண்டியில் பொருத்தியிருந்ததையும், அது இல்லாதவரை மறித்து நிறுத்தியதையும், பொழுது சாய்ந்தபின் விளக்கின்றிச் சென்றவரும் இருவராக ‘டபுள்ஸ்’ சென்றவரும் போலீஸ்காரரைக் கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்ததையும் சொல்வார்கள். சைக்கிள் அக்காலத்தில் வீதியின் பிரதான வாகனம். ஆகையால் அதிகாரத்தின் கண் அதன்மீது இருந்தது. ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரா மில்லின் தொழிலாளர்களுக்கும், பாடசாலை உபாத்தியாயர்களுக்கும், அரசாங்க குமாஸ்தாக்களுக்கும், பால்காரர்களுக்கும், தபால்காரர்களுக்கும் அதுவே வாகனம். சென்னை அம்பத்தூரில் 1950களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை, அதற்குமுன் கடல் கடந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளை இங்கேயே செய்து கொடுத்தது. வாடகைச் சைக்கிள் கடை இல்லாத தெருமுனை அரிது. மணிக்கணக்கில் வண்டி எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகள்தான் பிற்காலத்தில் இந்நகரின் மோட்டார் ஓட்டிகள் ஆனார்கள்.

மாற்றம் மெதுவாக வந்தது. மதுரையையே தலைமையிடமாகக் கொண்டு 1911இல் தொடங்கி, பேருந்துப் போக்குவரத்தில் தென்னாட்டுக்கு முன்னோடியாக நின்ற டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமம், 1980இல் ‘டி.வி.எஸ். 50’ என்னும் மொபெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாக்கு மூட்டையையும் பால் கேனையும் வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வேர்க்க வேர்க்க மிதித்து வந்த வியாபாரிக்கு அது உண்மையிலேயே ஒரு விமோசனம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 43.7 சதவீதம் சைக்கிள் வைத்திருந்தன. 2011இல் அது 44.8 ஆயிற்று. அதே பத்தாண்டில் மோட்டார் பூட்டிய இருசக்கர வாகனம் உள்ள குடும்பங்கள் 11.7 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக ஏறின. அதாவது சைக்கிள் வீட்டைவிட்டுப் போகவில்லை. வீதியில் அதற்கிருந்த முதலிடம் போயிற்று. இன்று மதுரையில் சைக்கிள் மிதிப்பவர்கள் யாவர் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள், இரவுக்காவலுக்குப் போகும் முதியவர்கள், கேரியரில் தேநீர்ப் பாத்திரம் கட்டிய வியாபாரிகள், இவர்களே பெரும்பாலோர். விடியற்காலையில் தலைக்கவசமும் கையுறையும் அணிந்து அழகர்கோயில் சாலையில் தேகப்பயிற்சிக்காகச் செல்லும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் தொகை குறைவு. எண்ணிக்கை குறைந்தபோது அதிகாரத்தின் கவனமும் குறைந்தது. வில்லையும் போயிற்று, விளக்குச் சோதனையும் போயிற்று. அதைச் சுதந்திரம் என்று சிலர் எண்ணக்கூடும். விதியால் கட்டப்படாதவர் விதியால் காக்கப்படுவதும் இல்லை என்பதை எண்ணினால் அது அனாதரவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே விதி வேண்டும் என்போரின் பக்கத்தை அதன் சிறந்த வடிவத்தில் எடுத்துக்கொள்வதே நேர்மை. இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் சைக்கிளை ‘வண்டி’ வகையில் சேர்த்தபோது, அதை ஓட்டுவோர் அதனைத் தண்டனையாகக் கருதவில்லை. நகரத்துக்கு நகரம் வேறுபட்ட தடைகளிலிருந்து தப்பி, குதிரை வண்டிக்காரனுக்கு நிகராகச் சாலையில் செல்லும் உரிமையைப் பெற்றதாகவே கொண்டாடினார்கள். அமெரிக்காவில் ஜான் ஃபாரெஸ்டர் என்னும் பொறியாளர் 1970களில் எழுதிய நூலில், சைக்கிள்காரர் தம்மை ஒரு வாகன ஓட்டியாகவே பாவித்து, சாலையின் நடுவில் தமக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டு, ஏனைய வாகனங்களின் விதிகளையே தாமும் அனுசரிப்பதுதான் பாதுகாப்பு என்று வாதாடினார். அவ்வாதத்தின் ஜீவநாடி ஒன்றே: சாலையில் உயிரைக் காப்பது எதிர்பார்ப்பு. எதிரே வருபவர் அடுத்த நொடியில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் அதற்கேற்ப நடந்துகொள்வேன். தெரியாவிட்டால் இருவரும் அபாயத்தில் இருக்கிறோம். வைகை வடகரைச் சாலையில் இரவு எட்டு மணிக்கு விளக்கில்லாமல் எதிர்த்திசையில் ஒரு சைக்கிள் வருமானால், அதைக் கடைசிக் கணத்தில் கண்டு திருப்பும் மோட்டார் சைக்கிள்காரர் தடுமாறி விழக்கூடும். பின்னால் குழந்தையோடு அமர்ந்த மனைவியும் விழக்கூடும். நடைபாதையில் செல்லும் கிழவி ஒருத்தியின்மீது சைக்கிள் மோதினால் இடுப்பெலும்பு முறிந்து அவள் படுக்கையோடு கிடக்க நேரிடும். சைக்கிளால் யாருக்கும் தீங்கில்லை என்ற வாதம் உண்மையன்று. அதைச் சொல்லிச் சைக்கிளுக்காகப் பரிந்து பேசுவோர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஃபாரெஸ்டரின் சைக்கிள்காரர் திடகாத்திரமான, வேகமாக மிதிக்கவல்ல, சாலையைக் கூர்ந்து கற்ற ஆண்மகன். பதினாறு வயதுப் பெண்ணோ அறுபத்தைந்து வயதுக் காவலாளியோ, மாட்டுத்தாவணி நோக்கிப் பாய்ந்து வரும் பேருந்தின் முன் சாலை நடுவில் இடம்பிடித்துச் செல்வார்கள் என்று எதிர்பார்ப்பது அவர்களைப் பலியிடுவதாகும். இங்கேதான் விதிகளை இரு இனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் செல், இரவில் விளக்கேற்று, திரும்புமுன் கை காட்டு, விளக்கு சிவந்தால் நில் என்பன ஓர் இனம். இவை, நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைப் பிறர்க்கு அறிவிக்கும் விதிகள். உரிமம் பெறு, வாகனத்தைப் பதிவு செய், காப்பீடு கட்டு, வயது வரம்பைக் கடந்திரு, மீறினால் ஆயிரக்கணக்கில் அபராதம் செலுத்து என்பன மற்றோர் இனம். இவை, என் வாகனத்தால் பிறர்க்கு நேரக்கூடிய கேட்டுக்கு நான் முன்கூட்டிக் கொடுக்கும் பிணை. முதல் இனத்தில் மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் பேதம் காட்ட நியாயம் குறைவு. இரண்டாம் இனத்தில் பேதம் காட்டாமலிருக்க நியாயமே இல்லை.

ஏன் என்பதைப் பௌதிக சாஸ்திரம் தெளிவாகக் கூறும். ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடை, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதில் அடங்கிய இயக்க சக்தி ஏறத்தாழ 740 ஜூல். 1,200 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தாங்கி வருவது 1,16,000 ஜூல் அளவு. சைக்கிளைப்போல் நூற்றைம்பது மடங்குக்கு மேல். பயணிகள் நிரம்பிய 14 டன் பேருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் எட்டரை லட்சம் ஜூலுக்கு மேல் தாங்கி வருகிறது. ஆயிரம் மடங்குக்கு மேல். மோதலின்போது உடலும் உலோகமும் சிதைவது இந்தச் சக்தியால்தான். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் சைக்கிளில் சென்றவர்கள் ஏறத்தாழ 4,800 பேர், பாதசாரிகள் 32,000க்கு மேற்பட்டோர் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள், 64,105, பதிவானது நம் தமிழ்நாட்டில். மாண்டவர் 17,884 பேர். சைக்கிள் மோதியதால் உயிரிழந்த கார் ஓட்டி என்பவர் இக்கணக்குகளுக்குள் தேடினாலும் அகப்படுவது அரிது. பலாபலன் இவ்வாறு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கையில் பொறுப்பை மட்டும் சரிசமமாகப் பங்கிடுவது, யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே சங்கிலியால் கட்டுவதற்கு ஒப்பாகும்.

கூர்ந்து நோக்கினால், நம் சட்டமே இந்தத் தத்துவத்தை முன்னமே ஏற்றுக்கொண்டிருப்பது விளங்கும். பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது வேண்டும்; 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு 16 போதும். சரக்கும் பயணிகளும் ஏற்றும் வாகனத்துக்கோ 20 வேண்டும். மின்கலத்தால் இயங்கும் வண்டியில்கூட, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைந்து, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டு, எடையும் வரம்புக்குள் இருப்பின், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. எடை, வேகம், திறன் என்பவற்றைக் கொண்டு படிப்படியாக ஏறும் ஏணியாகவே கடமை அமைந்திருக்கிறது. மிதிவண்டி அதன் அடிப்படி. விபத்துக்கு இழப்பீடு வழங்குவதிலும் அவ்வாறே. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்த 164ஆம் பிரிவு, மோட்டார் வாகனத்தால் ஒருவர் இறப்பின் ஐந்து லட்சமும், கொடுங்காயம் நேரின் இரண்டரை லட்சமும், யார் குற்றம் என்று நிரூபிக்காமலே பெற வழி செய்கிறது. ஹாலந்து இதைவிட வெகுதூரம் சென்றது. அங்கே 1971இல் மட்டும் சாலை விபத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று தாய்மாரும் தந்தையரும் வீதியில் இறங்கிய கிளர்ச்சிக்குப்பின் அந்நாட்டின் சாலைகளும் சட்டங்களும் மாறின. இன்று அங்கே பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை சைக்கிளில் செல்கையில் கார் மோதினால், குழந்தையே தவறு செய்திருந்தாலும், மிக அபூர்வமான விலக்கு நீங்கலாக, முழு இழப்பீடும் மோட்டார்காரரைச் சாரும். வயது வந்த சைக்கிள்காரராயின் குறைந்தது பாதி. இதனால் டச்சுச் சைக்கிள்காரர்கள் விதிகளிலிருந்து விடுபட்டுவிடவில்லை. விளக்கில்லாமல் சென்றால் அங்கும் அபராதம் உண்டு.

சிவப்பு விளக்கைப் பற்றித் தனியே பேச வேண்டும். மதுரையில் சச்சரவெல்லாம் அதைச் சுற்றியே எழுகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாகாணம் 1982இல் ஒரு புதுமை செய்தது. ‘நில்’ என்ற பலகையுள்ள இடத்தில் சைக்கிள்காரர் முழுவதும் நிற்காமல், வேகத்தைத் தணித்து, குறுக்கே வருவோர்க்கு வழிவிட்டுச் செல்லலாம் என்று அனுமதித்தது. 2005இல், சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து, வழி தெளிவாயின் செல்லலாம் என்று அதை விரித்தது. டெலவேர் 2017இல் ‘நில்’ பலகைச் சலுகையைப் பின்பற்றியது; வேறு சில மாகாணங்களும் தொடர்ந்தன. இதன் காரணம் சோம்பலன்று. கார் ஓட்டிக்கு மீண்டும் கிளம்புவது பாதத்தால் ஓர் அழுத்தம். மிதிப்பவருக்கோ, இழந்த 740 ஜூலையும் தம் தசையிலிருந்தே திரும்பப் பெற வேண்டும். சாதாரண மனிதர் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பு 75 வாட் அளவு என்று கொண்டால், ஒவ்வொரு நிறுத்தமும் பத்து நொடி உழைப்பை வீணாக்குகிறது. கேரியரில் ஐம்பது கிலோ மூட்டை இருந்தால் அதற்கும் மேல். சித்திரை மாதத்து வெயிலில், தார் உருகும் சாலையில், ஊமச்சிகுளத்திலிருந்து நகருக்குள் மிதித்து வருபவருக்கு இது அற்பக் கணக்கல்ல.

இருந்தபோதிலும் ஐடஹோவின் விதியைக் கோரிப்பாளையத்துக்கு அப்படியே கொண்டுவருவதை நான் ஆதரிக்கவில்லை. அங்கே விசாலமான வீதி, குறைந்த நெரிசல், குறுக்கே வரும் வாகனம் தன் தடத்திலேயே வரும் என்ற உறுதி. இங்கே பச்சை விளக்கு தோன்றுமுன்னரே உறுமிக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்களும், எத்திசையிலிருந்தும் நுழையும் ஷேர் ஆட்டோக்களும் இருக்கையில், ‘வழி தெளிவா’ என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தலையில் சுமத்தலாகாது. பெரிய சந்திப்புகளில் சிவப்பு எல்லாருக்கும் சிவப்பாகவே இருக்கட்டும். அதற்கு ஈடாக, நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென ஒரு கட்டம் ஒதுக்கி, பச்சை வரும்போது அவர்கள் சில நொடி முந்திச் செல்ல வழி செய்வது பல தேசங்களில் நடைமுறையில் உள்ளது. வண்ணப்பூச்சும் விளக்கின் கால அளவில் சிறு மாற்றமுமே அதற்குத் தேவை. இடப்பக்கம் திரும்புவோரையும், குறுக்குத் தெரு இல்லாத இடத்தில் பாதசாரிக்காக மட்டும் எரியும் விளக்கில் பாதசாரி கடந்தபின் செல்வோரையும் நிறுத்திவைப்பதில் பயன் இல்லை. பாரிஸ் நகரம் 2012 முதல் இத்தகைய சலுகையைக் குறிப்பிட்ட சந்திப்புகளில் பலகை நாட்டி வழங்கி வருகிறது.

பழைய நகருக்குள் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபின் உருவான வெளி வீதிகளும் சேர்ந்து, உலகில் அபூர்வமான ஒரு நகர அமைப்பைத் தந்துள்ளன. தேரும் மனிதரும் செல்ல வகுத்த இந்த அமைப்பில் மோட்டார் நெரிசலைச் சமாளிக்க ஒருவழிப் பாதைகள் வந்தன. சதுர வீதியில் ஒருவழி என்றால், பின்னால் நூறடி தூரத்தில் உள்ள கடைக்குப் போக மூன்று பக்கம் சுற்ற வேண்டும். காரில் இருப்பவர்க்கு அது சில நிமிடத் தாமதம். வெங்காய மூட்டையோடு மிதிப்பவர்க்கு அது உடற்சுமை. ஆகவே அவர் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறார். சட்டத்தை மதிக்காதவர் என்ற பெயரும் வாங்குகிறார். அந்த ஒருவழி விதி யாருக்காக உண்டாயிற்று? வீதியின் அகலத்தை அடைத்துக்கொள்ளும் வாகனங்களுக்காக. இரண்டடி அகலம் மட்டுமே எடுத்துக்கொள்ளும் வண்டியை அதற்குள் இழுத்தது யோசனையின்மை. பெல்ஜியம் 2004 முதல், போதிய அகலமும் மட்டான வேகமும் உள்ள ஒருவழித் தெருக்களைச் சைக்கிளுக்கு இருவழியாகத் திறந்துவிடுவதைப் பொது விதியாக்கியது. ஓர் ஓரத்தில் கோடிட்டு, பலகை நாட்டி, எதிரே சைக்கிள் வரும் என்று மோட்டார் ஓட்டிக்கு அறிவித்துவிடுகிறார்கள். இன்று திருட்டுத்தனமாக நடப்பது அங்கே விதியாகி, அதனாலேயே எதிர்பார்க்கத்தக்கதாகவும் ஆகிவிட்டது. சித்திரை வீதிகளில் மோட்டாரை விலக்கி நடப்பவர்க்கு விட்ட மாநகரம், ஆவணி மூல வீதிகளிலும் மாசி வீதிகளிலும் இதைப் பரீட்சித்துப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

நகரை விட்டு வெளியே வந்தால், விதியைக் காட்டிலும் சாலையே குற்றவாளியாகத் தெரிகிறது. திண்டுக்கல்லிலிருந்து சமயநல்லூர், கப்பலூர், திருமங்கலம் வழியாக விருதுநகர் செல்லும் நாற்கர நெடுஞ்சாலையும், திருச்சியிலிருந்து மேலூர் வழியாக வரும் நெடுஞ்சாலையும் வயலும் கண்மாயும் கலந்த கிராமங்களின் நடுவே வகிர்ந்து செல்கின்றன. ஊர் ஒருபுறம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மறுபுறம், நடுவே தடுப்புச்சுவர். திறப்பு வெகுதூரத்தில் இருக்குமானால், விதிப்படி செல்பவர் ஒரு திசையில் நெடுந்தூரம் மிதித்துப் போய், திரும்பி, அதே தூரம் மறுபடியும் மிதித்து வர வேண்டும். ஆகையால் கிராமவாசி சாலையின் தோளோரமாக எதிர்த்திசையில் வருகிறார்; பொழுது சாய்ந்தபின் வருகிறார்; எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கண் கூசித் தடுமாறுகிறார். அவர் செய்வது தவறு, உயிருக்கு உலை வைக்கும் தவறு. ஆனால் அந்தத் தவறைத் தவிர வேறு வழி வைக்காமல் சாலையை வரைந்தவர்களின் பங்கை எந்தச் சலானிலும் எழுதுவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962லேயே சைக்கிள் தடங்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது: மணிக்கு இருநூறுக்கு மேற்பட்ட மோட்டார் வாகனங்கள் செல்லும் சாலையில், உச்ச நேரத்தில் நூறு சைக்கிள்கள் சென்றாலே தனித்தடம் நியாயமானது என்று அதில் கூறப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பள்ளி விடும் நேரத்தில் நூறு சைக்கிள்கள் எளிதில் திரளும் நம் சாலைகளில் அந்தத் தடம் காணக்கிடைப்பதில்லை. 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் தொலைதூர மோட்டார் போக்குவரத்தை மேலே ஏற்றிக்கொண்டது. கீழே விடுபட்ட சாலையில் ஓர் ஓரத்தைச் சைக்கிளுக்குப் பிரித்துக் கொடுக்க அதைவிடச் சிறந்த தருணம் கிடைப்பது கடினம்.

இன்னோர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே விதி என்ற கோரிக்கை, நடைமுறையில், சைக்கிளே வேண்டாம் என்ற தடையாக முடிவதுண்டு. கொல்கத்தாவில் 2008இல் சில சாலைகளில் தொடங்கிய சைக்கிள் தடை 2013இல் 174 சாலைகளுக்கு விரிந்தது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் வேலைக்குப் போன வழியிலேயே அபராதம் கட்டினார்கள். எதிர்ப்புக்குப்பின் தடைக்குட்பட்ட சாலைகளின் தொகை குறைக்கப்பட்டதேயன்றித் தடை முற்றிலும் நீங்கவில்லை. நம் மாநிலத்தின் கையிலும் இப்போது அதிகாரம் வந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 138ஆம் பிரிவின் 1-ஏ உட்பிரிவு, மோட்டாரற்ற வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் செல்வதை ஒழுங்குபடுத்தும் விதிகளை இயற்ற மாநில அரசுகளுக்கு இடம் தருகிறது. கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. நீண்ட மௌனத்துக்குப்பின் சைக்கிள்காரரை நோக்கிச் சட்டம் பேசத் தொடங்கும் தருணம் இது. முதற்சொல் விலகு என்பதாக இருந்துவிடக் கூடாது. ஜெர்மனி 2020இல் செய்ததுபோல், சைக்கிளைக் கடக்கும் மோட்டார் வாகனம் ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது முதலில் வரட்டும். விளக்கும் இடப்பக்கமும் கை சைகையும் சைக்கிள்காரரின் கடமையாக அதன்பின் வரட்டும். அபராதத்தின் அளவும் தீங்கின் அளவை ஒட்டியே அமைய வேண்டும். தலைக்கவசம் அணியாத மோட்டார் சைக்கிள்காரருக்கு 2022 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் ஆயிரம் ரூபாய். அத்தொகையை விளக்கற்ற சைக்கிளுக்கும் விதித்தால், அபராதம் கட்டுவதைவிட வண்டியை விட்டுவிட்டுப் போவதே இரவுக்காவலாளிக்கு எளிதாயிருக்கும். முதல் தடவை அவரை நிறுத்தி ஒரு விளக்கைப் பொருத்தி அனுப்புவது அரசாங்கத்துக்குக் குறைந்த செலவு.

எல்லாவற்றினும் என்னை உறுத்துவது பிள்ளைகளின் நிலை. 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டத்தின்படி, தமிழக அரசு ஆண்டுதோறும் ஐந்து லட்சத்தை ஒட்டிய சைக்கிள்களை வழங்குகிறது. இதன் மேன்மையை நான் ஐயமறப் போற்றுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஐ ஒட்டி அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுத் தம் கால்களில் நின்ற வரலாற்றை அறிந்தவர்களுக்கு, ஒரு பெண்குழந்தையின் கையில் சைக்கிள் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் 50 சி.சி. மொபெட்டை ஓட்டவே பதினாறு வயதில் தேர்வு வைத்து உரிமம் கேட்கும் அரசு, அதே வயதுப் பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுத்து, ஒரு விதியும் கற்பிக்காமல், லாரிகள் ஓடும் சாலைக்கு அனுப்பிவைக்கிறது. விளக்கைச் சட்டமாக்க நினைப்பவர்கள் அந்த வண்டியை விளக்கோடும் பிரதிபலிப்பானோடும் தர வேண்டும். வழங்கும் நாளன்று பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு சந்திப்பை வரைந்து, பின்னால் திரும்பிப் பார்ப்பது, கை காட்டி வலப்பக்கம் திரும்புவது, பேருந்தின் இடப்பக்கம் ஓட்டுநர் கண்ணில் படாத இடத்தில் நுழையாமலிருப்பது ஆகியவற்றைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஒரு வாரம் கற்பித்தால் போதும். அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் செல்லப்போகும் பேருந்து ஓட்டுநருக்கும் கார் ஓட்டிக்கும் அவ்வாறே ஒரு பாடம் வேண்டும்: உரிமத் தேர்வில் எட்டு போட்டுக் காட்டச் சொல்லும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள், முன்னே தள்ளாடிச் செல்லும் ஒரு சைக்கிளை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும் என்பதையும் செய்து காட்டச் சொல்ல வேண்டும், அதில் தவறுபவர்க்கு உரிமம் தரலாகாது.